நண்டு ஓட்டுச் சர்க்கரையும் எங்கள் இலாகா ஸ்பிரிட்டும்

1. விதி

ஆராய்ச்சிக்காக ரெக்டிபைட் ஸ்பிரிட் கேட்கும் நிறுவனம், கலப்பு எதுவும் இல்லாத ஸ்பிரிட்தான் தனக்கு வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேட்டால், அதிகாரி நேரில் விசாரித்துத் திருப்தி அடைந்தபின் அதைக் கொடுக்கலாம். இதுதான் விதி. எங்கள் கையேட்டில் இதைவிடத் தெளிவாக எழுதப்பட்ட விதியை நான் பார்த்ததில்லை. தெளிவாக இருந்ததாலோ என்னவோ, அதை யாரும் பயன்படுத்தவும் இல்லை.

நான் சொல்வது 1954-ஆம் வருஷம். ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு. நான் மதுவிலக்கு இலாகாவில் இன்ஸ்பெக்டர். ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் என் பொறுப்பு. அத்தனை தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே சாராய அடுப்பின் புகை எது என்று கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் எனக்கு ஒரு சைக்கிளும் இரண்டு கான்ஸ்டபிள்களும் கொடுத்திருந்தது.

காய்ச்ச வசதி இல்லாதவர்கள் மரச்சாமானுக்குப் போடும் வார்னிஷைக் குடித்தார்கள். குடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் தொழிலுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் அரசாங்கம் பிரிடின் என்ற ஒரு சரக்கைக் கலக்கும். எரிந்த ரப்பரையும் அழுகிய மீனையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். இலாகா பாஷையில் டீநேச்சர்டு ஸ்பிரிட். ஊரில் அதற்கு நாத்த ஸ்பிரிட் என்று பெயர். அப்படியும் குடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மட்டும் கலப்பில்லாத ஸ்பிரிட் போய்க்கொண்டிருந்தது. எங்கோ ஓர் ஊரில் ஒரு கம்பவுண்டர் அதைக் குடித்துவிட்டு வார்டில் விழுந்து கிடந்தாராம். மேலாபீஸ் உடனே ஒரு சுற்றறிக்கை விட்டது: மறு உத்தரவு வரும்வரை எல்லா நிறுவனங்களுக்கும் நாத்த ஸ்பிரிட்தான். விதியை யாரும் ரத்து செய்யவில்லை. சுற்றறிக்கையை அதன் மேல் வைத்தார்கள், அவ்வளவுதான். காகிதத்தில் மேலே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

2. கூடை

என் எல்லைக்குள் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பின்கட்டில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடம். சுற்றறிக்கைக்கு முன்னால் அவர்கள் வாங்கி வந்த ஸ்பிரிட் கொஞ்சம்தான். நாத்த ஸ்பிரிட் கொடுக்கத் தொடங்கியபின் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டார்கள். பிறகு மூன்றாக.

நல்ல சரக்கைக் கொடுத்தபோது கொஞ்சம் போதும் என்றவன், கெட்ட சரக்கைக் கொடுத்தபின் அதிகம் கேட்டால் என்ன அர்த்தம்? எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சரக்கு வெளியே போகிறது. எவனோ நாற்றத்தை எடுத்துவிட்டு விற்கிறான்.

முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலையில் போய்ப் பின்கேட்டருகே நின்றேன். கொஞ்ச நேரத்தில் எண்ணூர் ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெண் தலையில் கூடையோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கேட்டில் இருந்த காவலாளி அவளை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டான். கேட்காமல் விடுகிற இடத்தில்தான் நாங்கள் கேட்க வேண்டும். சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, அதன் மேல் மீனைப் பரப்பிக் கொண்டுபோகிற கூடைகள் பலவற்றைப் பார்த்தவன் நான்.

"கூடையை இறக்கும்மா."

"இன்னாத்துக்கு?"

"மதுவிலக்கு இன்ஸ்பெக்டர்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கூடையை இறக்கினாள். "கைய வுட்டுப் பாத்துக்கோ நைனா. முள்ளு குத்துனா என்னாண்ட வராதே."

உள்ளே நண்டு ஓடு. கொடுக்கு, கால், முதுகு ஓடு. எல்லாம் சதை எடுத்தவை. ஈ மொய்த்தது. அடிவரைக்கும் கையை விட்டேன். அடியிலும் நண்டு ஓடுதான். முள்ளும் குத்தியது.

"இது எதுக்கு?"

"உள்ள ஒரு ஐயரு கீறாரு. ஐயருன்னா நம்ம கோயிலு ஐயரு இல்ல, வேதக்காரரு. ஓட்டக் காச்சி சக்கர எடுக்குறாரு."

"நண்டு ஓட்டிலிருந்து சர்க்கரையா?"

"நானும் அப்டித்தான் கேட்டேன். இவனுக்கு மண்ட கயண்டுகினு போச்சுன்னு நெனச்சேன். நெசமாலுமே எடுக்குறாரு. ஆனா ஒரு சிட்டிக தரமாட்டேன்றாரு."

அவள் பெயர் கன்னியம்மா, முகத்துவாரக்குப்பம். அவளுடைய நாத்தனார் மார்பில் கட்டியோடு அதே ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். இந்தச் சர்க்கரை கட்டியைக் கரைக்கும் என்று வார்டு ஆயா ஒருத்தி சொன்னதைக் கேட்டு, கன்னியம்மா காசு வாங்காமல் ஓடு சுமந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"காசு கீறவனுக்கு எட்த்து வெச்சிகினு கீறாரோ இன்னாவோ. நீயும் அதுக்குத்தான் வந்துகீறியா?"

கூடையைத் தூக்கிவிட்டேன்.

3. தேவசகாயம்

ஆராய்ச்சிக் கூடம் என்பது மரியாதைக்கு வைத்த பெயர். ஒரு நீளமான அறை, அதை ஒட்டி ஓர் ஓட்டுக் கொட்டகை. கொட்டகையில் ஆசிட்டில் நண்டு ஓடு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ராயபுரத்து மீன் வாடைக்குப் பழகிய என் கான்ஸ்டபிளே வெளியில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

கன்னியம்மா சொன்ன வேதக்காரர் தேவசகாயம், நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். ஒல்லியான மனிதர், ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த சட்டை. என்னைக் கண்டதும் பயப்படவில்லை. அது என் சந்தேகத்தை அதிகப்படுத்தியது. இன்ஸ்பெக்டரைக் கண்டு பயப்படாதவன் ஒன்று ஒழுங்கானவன், அல்லது மேலே ஆள் வைத்திருப்பவன். முதல் வகையை நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஸ்பிரிட் எதற்கு?" என்றேன்.

"கழுவுததுக்கு."

"எதை?"

"வாங்க, காட்டுதேன்."

ஓட்டை ஆசிட்டில் காய்ச்சினால் கறுப்பாக ஒரு குழம்பு வரும். கரியைப் போட்டு நிறத்தை எடுத்து, வற்றவிட்டால் அடியில் மணல் மாதிரிப் படிகம் இறங்கும். அதுதான் அவர் சொன்ன சர்க்கரை. அமினோ சர்க்கரை, குளுகோஸமின் என்றார். தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் அவ்வளவாகக் கரையாது. அழுக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே ஸ்பிரிட்டை ஊற்றிக் கழுவினால் அழுக்குப் போய் வெள்ளைப் பொடி நிற்கும். நான் அந்தக் காலத்து பி.ஏ.யில் கெமிஸ்ட்ரி படித்தவன். இது வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

"இது கேன்சரைக் குணப்படுத்துமா?"

"யாரு சொன்னா?"

"வெளியில் பேசிக்கொள்கிறார்கள்."

"வெளிய பேசுதவங்கட்டயே கேளுங்க. எனக்குத் தெரியாது. எலியவே நான் இன்னும் கேட்டு முடிக்கல."

இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. மருந்து கண்டுபிடித்தேன் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். வண்ணாரப்பேட்டையில் வாரம் ஒருவர் கண்டுபிடிப்பார், பெரும்பாலும் அதில் எழுபது சதவீதம் சாராயம் இருக்கும். தெரியாது என்று சொல்கிறவரை எந்த வகையில் சேர்ப்பது என்று விளங்கவில்லை.

அவர் விளக்கினார். புற்றுக்கட்டியின் செல்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள் மாதிரி. அமினோ சர்க்கரை பார்வைக்குச் சர்க்கரைதான். ஓரிடத்தில் மட்டும் அமைப்பு வேறு. செல் அதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே வாங்குகிறது. சர்க்கரையை உடைக்கத் தொடங்குகிற முதல் என்ஸைம் இதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்திருக்கும் வரைக்கும் நிஜச் சர்க்கரையைப் பிடிக்க அதற்குக் கை காலியில்லை. கட்டி பட்டினி கிடக்கிறது. வெளிநாட்டில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கட்டி வளர்வது குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள் என்றார்.

"அப்படியானால் நல்ல செல்லும் சர்க்கரை தின்கிறதே. அது சாகாதா?"

அவர் என்னைப் புதிதாகப் பார்த்தார். "அதாம் சார் கேள்வி. அதுக்குப் பசி கம்மி. அதனால சேதம் கம்மியா இருக்கும்னு ஒரு நெனப்பு. நெனப்புதான் பாத்துக்கிடுங்க. கட்டியக் கொல்லுதது பெரிய காரியமா? ஆசிட்ட ஊத்துனாலும் சாவும். பக்கத்துல இருக்கிற நல்லது பொழைக்குதான்னு பாக்கணும்லா."

பார்ப்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கட்டி வந்த எலியின் கட்டியிலிருந்து மெல்லிய சீவல் ஒன்று, நல்ல எலியின் ஈரலிலிருந்து சீவல் ஒன்று. இரண்டையும் தனித்தனிக் குப்பியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் ஆடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை மாட்டியிருந்தார். உயிருள்ள சீவல் மூச்சு விடும். மூச்சு விட்டால் குழாயில் இருக்கும் நிறமிட்ட நீர் நகரும். செத்தால் நிற்கும்.

சுற்றறிக்கைக்கு முன்னால் செய்த பொடியைப் போட்டபோது கட்டிச் சீவலின் நீர் மெதுவாகிப் போனது, ஈரல் சீவலின் நீர் நகர்ந்துகொண்டிருந்தது. புதிய பொடியைப் போட்டால் இரண்டும் நிற்கிறது. மறுபடி கழுவினார். நின்றது. இன்னும் கழுவினார். இன்னும் சீக்கிரம் நின்றது.

"கழுவத்தான் ஸ்பிரிட் கூடுதலா வாங்குனேன். உங்க நாத்தச் சரக்கு மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா பொடியில நாத்தமே இல்ல. ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட்ட சொன்னா நம்ப மாட்டேங்காரு."

நான் என் குறிப்பில் எழுதினேன்: உபயோகம் அதிகரித்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் கழுவுதல். உண்மையா என்று பார்க்க வேண்டும்.

4. வாலை

இரண்டாவது முறை போனபோது அறை மூலையில் ஒரு வாலை இருந்தது. கண்ணாடி உருண்டை, அதிலிருந்து இறங்கும் குழாய், குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர், கீழே பிடிபாத்திரம். சாராயம் காய்ச்சுகிறவனின் பானையும் மூங்கில் குழாயும் செய்கிற அதே வேலையைக் கண்ணாடியில் செய்வது. பிடிபாத்திரத்தில் நிறமில்லாத திரவம்.

நாத்த ஸ்பிரிட்டைத் திரும்ப வடித்து நாற்றத்தை எடுப்பது குற்றம். குடிக்கத்தான் எடுத்தாயா என்று சட்டம் கேட்காது. எடுத்தால் போதும், ஜெயில்.

"இது என்ன?"

"தண்ணி வடிக்கேன்."

இதுவரை நான் பிடித்த அத்தனை பேரும் சொன்ன பதில்தான் இது. நான் வேலையை ஆரம்பித்தேன். இரண்டு சின்ன புட்டிகளில் மாதிரி எடுத்தேன். ஒன்று கெமிக்கல் எக்ஸாமினருக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதை அங்கேயே சோதித்தேன்.

எங்களுக்கு ஒரு கைமுறை உண்டு. கையேட்டில் இருக்காது. நாத்த ஸ்பிரிட்டைக் குடிக்க விற்கிறவன் அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிவான். புளிப்புப் பட்டால் பிரிடின் நாற்றம் அடங்கிவிடும். அடங்குமே தவிரப் போகாது. ஆகவே ரெய்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் சலவைச் சோடா ஒரு பொட்டலம் வைத்திருப்போம். சந்தேகப்பட்ட சரக்கில் ஒரு சிட்டிகை போட்டால், அடங்கிக் கிடந்த நாற்றம் எழுந்து நிற்கும்.

போட்டேன். முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர்.

"நெனச்சேன் சார்" என்றார் தேவசகாயம். "நெனைக்கலன்னு சொல்ல மாட்டேன். உங்க ஸ்பிரிட்ட வடிச்சா ஒரு நாள்ல சங்கதி முடிஞ்சிரும். ஆனா ஆராய்ச்சிக் கட்டுரையில ஸ்பிரிட்ட எப்படிச் சுத்தம் பண்ணுனேன்னு எழுதணும்லா? எழுதுனா அது என் கையாலயே குடுத்த வாக்குமூலம். எழுத முடியாத வேலையச் செஞ்சு என்ன பிரயோசனம்?"

சட்டத்துக்கு இப்படி ஒரு காரணத்துக்காகப் பயந்த ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அவர் கண் என் கையில் இருந்த பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

"அது சோடாவா?"

"சலவைச் சோடா."

"கொஞ்சம் தாங்க."

புதிய பொடியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். சோடாவைப் போட்டார். புட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் நண்டு வாடை எட்டாத கிணற்றடிக்குப் போனார். நானும் போனேன். அவர் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

எரிந்த ரப்பர். அழுகிய மீன். எங்கள் இலாகாவின் முத்திரை.

"பொடியில ஆசிட் ஒட்டியிருக்கு" என்றார் மெதுவாக. "நாத்த ஸ்பிரிட்ட ஊத்துனதும் பிரிடின் அந்த ஆசிட்டோட சேந்து உப்பாகி உள்ளேயே தங்கிருது. உப்புக்கு நாத்தம் இல்ல. நானும் போயிட்டுன்னு நெனச்சேன். குப்பியில போடும்போது நாத்தம் வந்திருக்கும். இந்த நண்டு வாடையில எவன் மூக்குக்குத் தெரியும்?"

கழுவக் கழுவ அவர் அழுக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். அழுக்கை சப்ளை செய்தது நாங்கள்.

அப்போது கன்னியம்மா ஓட்டுக் கூடையோடு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் ஒரு புட்டியை மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள்.

"இன்னா, பட்டப்பகல்லயேவா?" என்றாள். "அன்னிக்கு என் கூடையில தேடுனே. இப்போ கெடச்சுதா?"

5. சூப்பரின்டெண்ட்

ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட் பட்டாள டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எலிக்குத் தானியம் வாங்கும் செலவை வெகு நாளாக ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய பொடி இரண்டு சீவல்களையும் கொன்றது தெரிந்ததும், கூடத்தை மூடிவிடலாம் என்று கமிட்டிக்கு எழுத இருந்தார். தேவசகாயம் என்னையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"மிஸ்டர் தேவசகாயம், விஷம்னா எல்லாத்தையும் கொல்லும். அதுக்கு ஒரு ஆராய்ச்சி எதுக்கு? ஆர்சனிக் போதாதா?"

"அது பொடி செஞ்ச வேலை இல்ல சார். ஸ்பிரிட்ல உள்ள கலப்பு."

"முதல் ரிசல்ட் நல்லா வந்தது. அது உங்க பொடியோட பெருமை. அடுத்தது கெட்டுப்போச்சு. அதுக்கு மட்டும் கவர்ன்மென்ட் ஸ்பிரிட் காரணமா?" என்னைப் பார்த்தார். "இன்ஸ்பெக்டர், உங்களுக்கும் இவருக்கும் முன்னாலேயே பழக்கமா?"

"இவரைக் கைது செய்யலாமா என்று பார்க்கத்தான் முதலில் போனேன்."

"அப்புறம் ஏன் செய்யல?"

"தண்ணீர் வடித்ததற்கு எங்களிடம் செக்‌ஷன் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து மேஜையில் வைத்தார். சுற்றறிக்கைக்கு முன்னால் செய்த பொடியில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி கூட வராது.

"இத ரெண்டாப் பிரிக்கேன் சார். ஒரு பாதி அப்படியே. இன்னொரு பாதியில இலாகா குடுத்த நாத்த ஸ்பிரிட்ட ஊத்திக் காய வைக்கேன். ரெண்டையும் ஈரல் சீவல்ல போடுதேன். நீங்களே நின்னு பாருங்க."

"இது தீர்ந்துட்டா?"

"தீர்ந்துரும்."

மறுநாள் சூப்பரின்டெண்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்படியே விட்ட பாதியைப் போட்ட குப்பியில் ஈரல் சீவலின் நீர் நகர்ந்துகொண்டே இருந்தது. நாத்த ஸ்பிரிட் பட்ட பாதி போட்டதில் தயங்கியது, நின்றது. பொடி எதையும் போடாத சீவல் ஒன்றும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அது நகர்ந்தது. அதைப் பார்க்காமல் மற்றதைப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று தேவசகாயம் சொன்னார்.

சூப்பரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஸ்பிரிட்தான் கெடுத்தது. அது வரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா நல்ல செல் பிழைக்கும்னு இதை வெச்சு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன் சார். ஒரு தடவை பாத்தது கேள்விப்பட்ட மாதிரிதான். இன்னும் பல தடவை பாக்கணும். சுத்தமான பொடி வேணும். அதுக்குச் சுத்தமான ஸ்பிரிட் வேணும்."

"ஸ்பிரிட் வரட்டும். கட்டி எலிகளை அது வரைக்கும் காப்பாத்துங்க. எலி போச்சுன்னா கூடமும் போச்சு."

கட்டியைக் காப்பாற்றுவது எலியைக் காப்பாற்றுவது மாதிரி இல்லை. கட்டி வந்த எலி செத்துப்போகும். அதற்குள் கட்டியின் ஒரு துணுக்கை எடுத்து அடுத்த எலிக்கு ஏற்ற வேண்டும். அதிலிருந்து அடுத்ததற்கு. ஒருமுறை தவறினால் அந்தக் கட்டியின் வம்சமே முடிந்தது. வேறொரு ஊரிலிருந்து அதை வாங்கி வரத் தேவசகாயத்துக்கு ஒரு வருஷம் பிடித்திருந்தது.

வெளியே வந்தபோது கன்னியம்மா வராந்தாவில் நின்றாள். எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"கண்ணால பாத்தேன். நல்லது சாவல. அப்போ குடேன். எங்க நாத்தனாக்குக் குடேன்."

"தீந்து போச்சும்மா" என்றார் தேவசகாயம்.

"தீராட்டி மட்டும் குட்த்துருப்பியா?"

"இல்ல. குடுத்திருக்க மாட்டேன். ஒரு எலியோட ஈரல் துண்டுல ஒரு தடவை பாத்ததை நம்பி உன் வீட்டு ஆளு ஒடம்புல ஏத்த எனக்குத் துணிச்சல் இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ கெவுருமென்ட்டு தானே. இவரு சொல்றது நெசமா, இல்ல காசுக்கு எட்த்து வெக்கிறாரா?"

"நிஜம்" என்றேன்.

"நீயும் அவரு தோஸ்து ஆயிட்டே" என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் மறுவாரமும் ஓடு வந்தது.

6. மேலாபீஸ்

நான் விதியைச் சுட்டி, நேரில் விசாரித்துத் திருப்தி அடைந்தேன் என்று எழுதி, கலப்பில்லாத ஸ்பிரிட் கொடுக்கப் பரிந்துரை அனுப்பினேன். என் ஆபீஸ் ஹெட் கிளார்க் வரதன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். முப்பது வருஷ சர்வீஸ் அவருக்கு.

"சார், கோச்சுக்கக் கூடாது. எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் கேட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"அதான் தப்பு. மூணு பங்கு கேட்டா வெட்டுறதுக்கு அவங்களுக்கு ஏதாவது இருக்கும். வெட்டிட்டு சேங்ஷன் பண்ணிடுவாங்க. நீங்க சரியா கேட்டா எங்க வெட்டுறது? சந்தேகம் வரும். அப்புறம் 'திருப்தி அடைந்தேன்'னு வேற எழுதியிருக்கீங்க. இந்த இலாகாவுல எந்த இன்ஸ்பெக்டர் சார் திருப்தி அடைஞ்சிருக்கான்?"

நான் அப்படியே அனுப்பினேன். வெகு நாள் பதில் இல்லை. ஒரு நினைவூட்டல், பிறகு இன்னொன்று. மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு மேலாபீஸிலிருந்து உறை வந்தது. வரதன் பிரித்துப் பார்த்துவிட்டு என் மேஜையில் வைத்தார்.

மேற்படி ஆஸ்பத்திரி சம்பந்தமாக இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்ப எழுதுவது கவனத்துக்கு வந்திருக்கிறது, இந்த விஷயத்தில் அவருக்குள்ள அக்கறை என்ன என்பதற்கு விளக்கம் அனுப்ப வேண்டும்.

"நான் சொல்லல?" என்றார் வரதன்.

விளக்கம் எழுதினேன். எனக்கு எந்த அக்கறையும் இல்லை என்று எழுதினால் பிறகு ஏன் பரிந்துரைத்தாய் என்பார்கள். அக்கறை உண்டு என்று எழுதினால் எவ்வளவு வாங்கினாய் என்பார்கள். விதி என்ன சொல்கிறது என்பதில் எனக்கு அக்கறை என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. நடுவில் ஒருநாள் வேறொரு ரேஞ்ச் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் வாலையைப் பார்த்து, தண்ணீரை மாதிரி எடுத்துக்கொண்டு போனார். சந்தேகம் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்று புரிந்தது.

தேவசகாயம் கட்டியை எலிக்கு எலி மாற்றிக்கொண்டிருந்தார். மழைக்காலம் போனது, பொங்கல் போனது. கூடத்துக்குக் கொடுத்துவந்த பணம் குறைந்தது. புதிய எலி வாங்க முடியவில்லை, இருப்பதைப் பெருக்கிப் பார்த்தார். அக்கினி நட்சத்திரத்தில் அந்த ஓட்டுக்கூரை அறை அடுப்பாகிவிட்டது. கோணியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டார், கூண்டுகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தார். ஒரு வாரத்தில் நல்ல எலிகள் செத்தன. கட்டி வந்த எலி கடைசியாக ஒன்று இருந்தது. அதிலிருந்து எடுத்து ஏற்ற வேறு எலி இல்லை.

நான் போனபோது அவர் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாவின் ஓடு கொட்டகையில் குவிந்து கிடந்தது.

"இனி கொண்டார வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். "ஏன்னு கேக்கல. அவ நாத்தனார வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா."

"நல்ல செல் பிழைக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?"

"நான் நெனைக்கிறத எழுதி வச்சு என்ன செய்ய சார். பாக்கல."

அடுத்த மாதம், 1955 ஜூனில், கூடத்தை மூடினார்கள். அந்த அறையில் ஆஸ்பத்திரித் துணி வைக்கத் தொடங்கினார்கள். தேவசகாயம் ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனார்.

இலாகாவில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுவதை நிறுத்தாதீர்கள். அதற்குத்தான் சம்பளம். ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு செய்முறை உண்டு. தேவசகாயம் கட்டிச் சீவல் போட்ட குப்பிக்குப் பக்கத்தில் நல்ல சீவல் போட்ட குப்பி ஒன்று வைப்பார், பொடி எதையும் போடாத குப்பி இன்னொன்று வைப்பார். எங்கள் இலாகாவில் குற்றவாளியின் புட்டியை மட்டும்தான் சோதிப்போம். நல்லவனுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க எங்களிடம் இரண்டாவது குப்பி இருந்ததில்லை. நம் கையால் என்ன கலந்தோம் என்று பார்க்க மூன்றாவதும் இல்லை.

கலப்பில்லாத ரெக்டிபைட் ஸ்பிரிட், கேட்ட அளவு முழுவதும், விதிப்படி அனுமதிக்கப்படுகிறது என்ற உத்தரவு என் மேஜைக்கு வந்த தேதி 1955 ஜூலை 18.